ஆயுசு அவ்வளவுதானா?

இலங்கை மலையகத்துச் சாவு வீடுகளில் பேச்செல்லாம் ஓய்ந்த பிறகு எல்லாரும் வந்து நிற்கும் வார்த்தை ஒன்று உண்டு: "ஆயுசு அவ்வளவுதான்." எண்பது வயதில் கண்மூடிய பாட்டிக்கும் அதே வார்த்தை. கொழுந்து மலையில் குளவி கொட்டிச் செத்துப்போன நாற்பது வயதுப் பெண்ணுக்கும், பிறந்த மாதத்திலேயே போய்விட்ட குழந்தைக்கும் அதேதான். சொல்கிறவர்களின் மனசில் குற்றம் இல்லை. அழுகிறவர்களைத் தேற்றத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த வார்த்தைக்குள் ஒரு கொள்கை இருக்கிறது. ஒவ்வோர் உயிரும் பிறக்கும்போதே ஓர் எண்ணைக் கொண்டு பிறக்கிறது, எண் தீர்ந்தால் உயிர் போகிறது, இடையில் நடப்பதெல்லாம் சாக்குப்போக்கு என்பதே அந்தக் கொள்கை. அது பிழை என்று நான் நினைக்கிறேன். ஒரு உயிர் எவ்வளவு காலம் இருக்கும் என்பது அதற்கும் அதைச் சூழ்ந்த மண், நீர், உணவு, பிற உயிர்கள், பிற மனிதர் ஆகியோருக்கும் இடையே நாள்தோறும் தீர்மானமாகும் காரியம். இதைச் சொல்லக் கடவுளையும் வினையையும் மறுக்க வேண்டிய தேவை இல்லை. நம் சமய நூல்களே இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாகக் கேட்டிருக்கின்றன.

பொல்பிட்டியவிலிருந்து தொடங்கலாம். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகும் பகுதி அது. மேலே லக்ஷபானவிலிருந்து மலையைக் குடைந்து வரும் நீர் 1969 முதல் அங்கே மின்சாரமாகிறது. அந்த மின்நிலையத்துச் சுழலிக்கு ஆயுள் கணிக்கப் பொறியியலாளரால் முடியும். தேய்ந்த தகட்டை இயந்திரம் தானாக வளர்த்துக்கொள்ளாது. ஆள்தான் மாற்றிப் போட வேண்டும். உயிரின் ஆயுளையும் நாம் பெரும்பாலும் இப்படித்தான் எண்ணிக்கொள்கிறோம், இத்தனை காலம் ஓடும், பிறகு நின்றுவிடும் என்று. அதே பிரதேசத்துச் சரிவுகளில் நிற்கும் தேயிலைத் தூரைப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது. தேயிலை இயல்பில் ஒரு மரம். சும்மா விட்டால் முப்பது, நாற்பது அடி வளரும், பூக்கும், காய்க்கும். சீனாவின் யுன்னான் மலைகளில் பல நூறு ஆண்டு கண்ட தேயிலை மரங்கள் இருக்கின்றன. தோட்டத்தில் அதை இடுப்பு உயரத்தில் மட்டம் வைத்து, வாரத்துக்கு வாரம் கொழுந்தைக் கிள்ளி, பூக்க விடாமல் வைத்திருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறோம். இலையெல்லாம் போய் கணுக்கணுவான வாதுகள் மட்டும் நிற்கும் அந்த மலையைப் புதிதாகப் பார்ப்பவர் எல்லாம் செத்துவிட்டது என்றே நினைப்பார். வேரில் சேர்த்து வைத்த மாச்சத்து போதுமான அளவு இருந்தால் சில வாரங்களில் துளிர் வரும். இல்லையென்றால் தூர் பட்டுப்போகும். அதனால்தான் கவ்வாத்துக்கு முன் வேரை நறுக்கி அயோடின் விட்டுப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. வெக்கை மிகுந்த தாழ்ந்த மலைகளில் வேரின் சேமிப்புக் குறைவு என்பதால், மூச்சுக்கு என்று ஒன்றிரண்டு வாதுகளை இலையோடு விட்டு வெட்டுவார்கள். ஒரே வெட்டுக்கத்திதான். ஒரு தூர் அதனால் இளமையாகிறது, இன்னொன்று சாகிறது. வித்தியாசம் வெட்டுவதற்கு முந்திய மாதங்களில் அதற்கு என்ன கிடைத்தது என்பதில் இருக்கிறது.

ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். அதற்கு அடுத்த தலைமுறையில் நட்ட விதைத் தேயிலை, நூறு ஆண்டு தாண்டியும் பல மலைகளில் கொழுந்து தந்துகொண்டிருக்கிறது. மேல்மண் கழுவிப்போன சரிவுகளில் அதே மாதிரித் தூர்கள் எப்போதோ பட்டுப்போய் வெற்றிடம் கிடக்கிறது. கணக்குப் புத்தகமோ மூன்றாவதாக ஒரு ஆயுள் வைத்திருக்கிறது: விளைச்சல் இறங்கினால், உயிரோடு இருக்கும் தூரையும் பிடுங்கி மறுநடுகை செய்யச் சொல்கிறது. இந்த மூன்றில் எது தேயிலையின் ஆயுள்? இன்னும் சிக்கலானது தவறணையில் நடப்பது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டி.ஆர்.ஐ. 2025 போன்ற இனங்கள் விதையால் பெருகுவதில்லை. ஓர் இலையும் ஒரு கணுவும் கொண்ட துண்டுகளாகப் பெருகுகின்றன. தாய்த்தூர் பட்டுப்போன பின்பும் அதன் உடலே ஆயிரம் மலைகளில் நிற்கிறது. அநுராதபுரத்து ஸ்ரீ மகா போதியும் இப்படி ஒரு கிளைதான். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சங்கமித்தை கொண்டுவந்தார் என்று மரபு சொல்லும் அந்தக் கிளை இன்றும் துளிர்க்கிறது; அது பிறந்த புத்தகயாவில் இப்போது நிற்பதோ 19ஆம் நூற்றாண்டில் நட்ட மரம். ஒரே இனம், ஒரே கால்வழி. ஓரிடத்தில் அரசர்களும் பிக்குகளும் ஊராரும் தலைமுறை தலைமுறையாக நீர் ஊற்றி, மதில் கட்டி, சாயும் கிளைக்கு முட்டுக்கொடுத்துக் காத்தார்கள். அந்த 2,200 ஆண்டில் பாதி மரத்துடையது என்றால் மீதிப் பாதி காவலுடையது.

இங்கே ஒரு தடை எழும், அது வலுவானதும்கூட. ஒவ்வோர் இனத்துக்கும் உள்ளுக்குள் ஓர் எல்லை இருக்கத்தான் செய்கிறது. தாளிப்பனை முப்பது முதல் எண்பது ஆண்டு வரை காத்திருந்து, உச்சியில் ஒரே ஒரு முறை பூத்துச் செத்துப்போகிறது. எவ்வளவு உரம் போட்டாலும் இரண்டாம் முறை பூக்காது. பொல்பிட்டியவுக்குக் கீழே கித்துல்கல என்ற ஊருக்குப் பெயர் தந்த கித்துல் மரமும் அந்த வகைதான்: பாளை உச்சியில் தொடங்கி ஆண்டுதோறும் கீழே கீழே இறங்கி, கடைசிப் பாளையோடு மரம் முடிகிறது. யானைக்குக் கடைவாய்ப் பற்கள் ஆறு தொகுதிதான் வரும். ஆறாவது தேய்ந்தால், அறுபதைத் தாண்டிய யானை புல் நடுவே நின்று பட்டினியால் சாகும். அப்படியானால் எண் எழுதப்பட்டிருக்கிறது என்றுதானே ஆகிறது? எல்லை எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். எல்லை வேறு, அளவு வேறு. வயலுக்கு வரப்பு இருப்பதால் அதில் எத்தனை மூட்டை விளையும் என்பது தீர்மானமாகிவிடாது.

ஈசலை எடுத்துக்கொள்வோம். தமிழில் அற்ப ஆயுளுக்கே உவமை அதுதான். மாலையில் பறந்து விடியலில் குப்பையாகக் கிடக்கும். ஆனால் அந்த ஈசல்களுக்கு ஒரு நாள்தான் ஆயுள் என்பது உண்மையல்ல. அவை பல்லிக்கும் தவளைக்கும் காக்கைக்கும் இரையாகின்றன, ஈரம் கிடைக்காமல் காய்கின்றன. தப்பித்து, சிறகை உதிர்த்து, மண்ணுக்குள் இறங்கிப் புற்றுக் கட்டும் இணையில் அரசிக் கறையான் பத்து ஆண்டுக்கு மேலும் வாழும். எத்தனை தலைமுறை இதைத் தவறாகப் படித்திருக்கிறோம்! இரையானதைப் பார்த்து, எழுதியது அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டோம். தேனீயில் இது இன்னும் வெளிப்படை. வேலைக்காரத் தேனீயும் அரசித் தேனீயும் ஒரே வகை முட்டையிலிருந்து வருகின்றன. புழுப் பருவத்தில் ஒன்றுக்கு ஒரு உணவு, மற்றதற்கு இன்னொரு உணவு. முன்னது சில வாரம் உழைத்துச் சாகிறது, பின்னது ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. எழுத்து ஒன்றுதான், ஊட்டியதுதான் வேறு.

இனத்தின் எல்லைகூட எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விடை வெளியிலிருந்தே வருகிறது. பீட்டர் மெடவர் 1952இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். காட்டில் பெரும்பாலான விலங்குகள் முதுமை காணுமுன்பே பசிக்கோ பகைக்கோ பலியாகிவிடுகின்றன. ஆகவே முதுமையில் உடலைக் கெடுக்கும் குறைகளை இயற்கைத் தேர்வு களைவதில்லை, அவை தலைமுறைதோறும் சேர்ந்துகொண்டே போகின்றன. இதைச் சோதிக்க எலியையும் வௌவாலையும் பார்த்தால் போதும். பருமனில் ஏறக்குறைய ஒன்று. எலி நன்றாக வைத்தாலும் மூன்று ஆண்டைத் தாண்டுவது அரிது. பறந்து தப்பவும் குகையில் ஒளியவும் தெரிந்த வௌவாலில் இருபது, முப்பது ஆண்டு வாழும் இனங்கள் உண்டு. பூனைக்கும் பாம்புக்கும் எத்தனை இலட்சம் ஆண்டு பயந்து வாழ்ந்தது என்பது எலியின் உடம்புக்குள்ளேயே பதிவாகிவிட்டது. உள்ளே எழுதியிருக்கிறது என்று நாம் சொல்வதும் வெளியே நடந்ததன் எழுத்துத்தான்.

இனி நூல்களுக்கு வருவோம். சரக சம்ஹிதையின் விமானஸ்தானத்தில் ஆத்திரேயரிடம் மாணவர் அக்கினிவேசர் இதே கேள்வியைக் கேட்கிறார்: எல்லாருக்கும் ஆயுள் நிச்சயிக்கப்பட்டதா, இல்லையா? ஆத்திரேயரின் விடையில் ஒரு வண்டியின் அச்சு வருகிறது. நல்ல மரத்தில் செய்த அச்சு அதன் காலம் வரை ஓடித் தேய்ந்து முறிவது காலமரணம். அதே அச்சு அளவுக்கு மீறிய பாரத்தாலும் மேடுபள்ளமான பாதையாலும் எண்ணெய் இல்லாமலும் நடுவழியில் முறிவது அகாலமரணம். ஆயுள் முழுக்க நிச்சயமானது என்றால் மதயானையைக் கண்டு ஒதுங்குவதும், மருந்து தேடுவதும், நோன்பு நோற்பதும் வீண் என்றும் அங்கே வாதம் போகிறது. ஊழும் முயற்சியும் சேர்ந்தே ஆயுள் என்பது ஆத்திரேயர் முடிவு. பௌத்தத்தில் மிலிந்த பஞ்ஹம் இன்னும் ஒரு படி போகிறது. மரத்தில் பழுத்து விழும் கனியும் உண்டு, புழு அரித்தும் காற்று அடித்தும் தடி பட்டும் பிஞ்சில் விழும் கனியும் உண்டு என்று நாகசேனர் மிலிந்த மன்னனுக்குச் சொல்கிறார். பிறகு அகாலத்தில் சாகும் ஏழு பேரை வரிசைப்படுத்துகிறார். பசித்தவன், தாகித்தவன், பாம்பு கடித்தவன், நஞ்சுண்டவன், தீயில் அகப்பட்டவன், நீரில் மூழ்கியவன், ஆயுதத்தால் காயம்பட்டவன். இந்த வரிசையில் என்னைத் தடுத்து நிறுத்துவது ஒவ்வொருவரோடும் ஒரு இல்லாமையும் சொல்லப்படுவது: பசித்தவனுக்குச் சோறு கிடைக்கவில்லை, கடிபட்டவனுக்கு வைத்தியன் கிடைக்கவில்லை. கொன்றது பாம்பு மட்டுமல்ல, வைத்தியன் இல்லாமையும்தான் என்று ஒரு சமய நூல் அவ்வளவு காலத்துக்கு முன்பே கணக்கு எழுதி வைத்திருக்கிறது. பட்டியலில் முதல் ஆள் பசித்தவன்.

அந்த முதல் ஆளை மலையகம் அறியும். 1973இலிருந்து 1975 வரை உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலையேறி, நாட்டில் அரிசிப் பங்கீடு குறைந்து, கோதுமை மாவும் விலையேறியது. ரொட்டியை நம்பியிருந்த லயங்களுக்கு அது நேரே வயிற்றில் விழுந்த அடி. கிராமத்தான் வீட்டுப் பின்னால் மரவள்ளியாவது பிடுங்கலாம். லயத்துக்காரனுக்குச் சொந்த மண் கிடையாது. வேலை நாள் குறைந்தால் கூலி குறையும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலோர் நாடற்றவராக்கப்பட்டிருந்ததால், பாராளுமன்றத்தில் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எவருக்கும் இருக்கவில்லை. தோட்டங்களில் சாவு விகிதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட வெகுவாக மேலே போனது. குழந்தைகளும் முதியவர்களும் முதலில் போனார்கள். சில ஆண்டுகளில் அந்த விகிதம் இறங்கியது, அடுத்த தசாப்தங்களில் இன்னும் இறங்கியது. அதே லயத்தில், அதே குடும்பங்களில், அதே கால்வழியில் பிறந்த குழந்தைகள்தாம். 1974இல் பிறந்தவர்களுக்கு மட்டும் அற்பாயுசு எழுதிவிட்டு, 1984இல் பிறந்தவர்களுக்குத் தீர்க்காயுசு எழுதியதாகச் சொல்ல வேண்டும் என்றால், அந்த எழுதுகோல் மாவு விலையைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

பொல்பிட்டியவுக்குக் கீழே உள்ள பள்ளத்தாக்கு இன்னொரு சாட்சி. 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. பாயும் களனியில் முட்டையிட முடியாத கொசு, பாறைகளுக்கிடையே தேங்கிய குட்டைகளில் பெருகியது. அந்த ஆண்டு இறுதியிலும் 1935இலும் மலேரியாவுக்குச் சுமார் 80,000 பேர் பலியானார்கள். மிக மோசமாக அடிபட்டவற்றில் பொல்பிட்டியவுக்கு அடுத்த கேகாலை மாவட்டமும் ஒன்று. இந்த நோயில் ஆயுள் பற்றிய நுட்பம் ஒன்று இருக்கிறது. நோயாளியின் இரத்தத்தைக் குடித்த கொசுவின் உடம்பில் கிருமி முற்றுவதற்குப் பத்து, பன்னிரண்டு நாள் ஆகும். அதற்குள் அந்தக் கொசு செத்துவிட்டால் நோய் அடுத்தவருக்குப் போகாது. பெரும்பாலான கொசுக்கள் அதற்குள் செத்தும் விடும். அப்படியென்றால் மனிதனின் அறுபது ஆண்டு ஒரு கொசுவின் பன்னிரண்டாம் நாளில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுச் சுவரில் டி.டி.டி. அடித்ததன் வேலையே கொசுவின் ஆயுளைக் குறைப்பதுதான். 1946இல் ஆயிரத்துக்கு 20.3 ஆக இருந்த இலங்கையின் சாவு விகிதம் அடுத்த ஆண்டிலேயே 14.3 ஆனது. அதில் மருந்துக்கு எவ்வளவு பங்கு, ஆஸ்பத்திரிகளுக்கும் உணவுக்கும் எவ்வளவு என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அந்த ஓராண்டில் இலங்கையரின் தலையெழுத்து மாறியதாக அவர்களில் எவரும் சொல்லவில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

வினைக் கொள்கையில் உறுதியுள்ளவர் இப்போது சொல்லக்கூடும்: டி.டி.டி. வந்ததும், மாவு விலை ஏறியதும்கூட அந்தந்த உயிர்களின் பிராரத்தம்தான். கருவி எதுவானாலும் கணக்கு முன்பே போட்டதுதான். இந்த வாதத்தை யாராலும் முறியடிக்க முடியாது. எது நடந்தாலும் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இருக்கிறது. ஆனால் எது நடந்தாலும் பொருந்தும் ஒரு கணக்கு, இன்று காலை நான் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் பிராரத்தம் இன்று முடிகிறதா, எழுபது ஆண்டு கழித்தா என்று பெற்றவளுக்குத் தெரியாது, பூசாரிக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை ஆதாரமாக்கி மருந்துக்குப் போகாமல் இருக்க எந்தச் சைவமும் சொல்லவில்லை. திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தது. அதே நூல் ஆள்வினையுடைமைக்கும் ஒன்று, மருந்துக்கும் ஒன்று வைத்திருக்கிறது. திருக்கடையூர்ப் புராணத்தை எடுத்துக்கொண்டாலோ இன்னும் தெளிவு. மார்க்கண்டேயனுக்குப் பதினாறு என்ற எண்ணை வரமாகத் தந்தவர் சிவன், அந்த எண்ணை வாங்க வந்த யமனை உதைத்தவரும் சிவன். எழுதியவரே அடித்துத் திருத்திய கணக்கைச் சொல்லும் கதையைக் கோயில் கட்டிக் கொண்டாடும் சமூகம், எழுத்தை அழிக்கவே முடியாது என்று எப்படிச் சொல்லும்?

இதைவிட எனக்குக் கடினமாகத் தோன்றும் தடை ஆறுதலைப் பற்றியது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய், இது அகாலமரணம், தடுத்திருக்கலாம் என்று சொல்வது எரிகிற வயிற்றில் நெருப்பை அள்ளிப் போடுவதாகாதா? ஆகும். அவளிடம் அதைச் சொல்லக் கூடாது. தன்னால்தான் போச்சு என்று தன்னையே தின்றுகொண்டிருக்கும் மனத்துக்கு "ஆயுசு அவ்வளவுதான்" என்ற சொல் ஓர் ஒத்தடம். அந்த இடத்தில் அதைப் பறிக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்தச் சொல் சாவு வீட்டைத் தாண்டி வெளியே வருகிறது. தோட்டத்து ஆபீசுக்குள் போகிறது, மேடையில் ஏறுகிறது, அறிக்கையில் உட்கார்ந்துகொள்கிறது. துக்கத்தில் இருப்பவளுக்கு அது தேறுதல், கடமை இருந்தவனுக்கு அது விடுதலைப் பத்திரம். யார் வாயிலிருந்து வருகிறது, எப்போது வருகிறது என்று பார்த்தே அதை ஏற்கவோ மறுக்கவோ வேண்டும்.

நீளத்தில் என்ன இருக்கிறது, வாழ்ந்த விதம்தானே பெரிது என்றும் கேட்பார்கள். ஹோர்ட்டன் சமவெளியின் நெலு பன்னிரண்டு ஆண்டில் ஒருமுறை பூத்து மாய்கிறது, அதன் வாழ்வு குறையுள்ளது என்று எவரும் சொல்வதில்லை. சம்பந்தர் பதினாறில் முடிந்தார் என்கிறது மரபு. பாரதி 38இல் போனார். உண்மைதான், ஆண்டுகளைக் கூட்டி வாழ்வை மதிக்க முடியாது. நெலு தன் வேலையை முடித்துப் போகிறது. பாரதி முடித்துவிட்டுப் போகவில்லை. 38இல் போனதால் அவர் பாரதி ஆகவும் இல்லை. போதும் என்று சொல்லும் உரிமை வாழ்கிறவருக்கு உரியது, பக்கத்தில் நின்று கணக்குப் பார்ப்பவருக்கு உரியதல்ல. விளைச்சல் இறங்கிய தூருக்குப் புத்தகம் ஆயுள் முடிப்பதைப் போல, இந்த ஆளுக்கு இவ்வளவு வாழ்ந்தது போதும் என்று வெளியிலிருந்து முடிவெடுக்கப்படும்போது, நீளத்தைப் பற்றிய கேள்வி வெறும் தத்துவக் கேள்வியாக இருப்பதில்லை.

குளவி கொட்டிச் செத்த அந்தப் பெண்ணுக்குத் திரும்புவோம். ஆண்டுதோறும் மலையகத்தில் வரும் செய்தி அது. அவள் உடம்புக்குள் ஓர் எல்லை இருந்தது, அவள் அதை நெருங்கக்கூட இல்லை. கொட்டியது குளவிதான். நாகசேனரின் பட்டியலைப் போலக் குளவியோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன, சாவு வீட்டின் பின்வாசலில் யாரோ ஒருவர் அவற்றை அடங்கிய குரலில் கேட்கவும் செய்கிறார். அந்த மலையில் கூடு இருப்பது யாருக்குத் தெரிந்திருந்தது? தெரிந்தும் அன்றைக்கு அங்கே கொழுந்துக்கு ஆள் இறக்கியது யார்? மலையிலிருந்து ரோட்டுக்கு அவளை எதில் தூக்கி வந்தார்கள், எவ்வளவு நேரம் பிடித்தது? வழியில் வந்த ஆஸ்பத்திரியில் அட்ரினலின் ஊசி இருந்ததா?